டியூப் ஸ்க்ரீமர் பெடலை இயக்கினால் ஆறாம் தந்தியின் கனம் குறைகிறது: எந்தப் பாகத்தை மாற்றலாம்?

ஆறாம்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்கு அருகே ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் மின்கிதார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர் இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், என் கிதார், அவ்வளவுதான். ஆகவே பல பாடல்களில் அடிச்சுரங்களை என் ஐந்தாம், ஆறாம் தந்திகளே தாங்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஐபனெஸ் டி.எஸ்.9 டியூப் ஸ்க்ரீமர் பெடலும் (கிதாருக்கும் ஆம்புக்கும் இடையே வைத்து, காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டி), இரண்டு இ.எல்.84 வால்வுகள் (பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழல்கள்) கொண்ட ஒரு 15 வாட் ஆம்பும். பெடலை மிதித்தவுடன் தனி வாசிப்புக்கு வேண்டிய இனிமை வந்துவிடுகிறது. அந்த நடுநாதத்தை நான் மிகவும் விரும்புகிறேன். அதை இழக்க மனமில்லை. ஆனால் திறந்த ஆறாம் தந்தியோடு இ மேஜர் கார்டை வாசிக்கும்போது, பெடலுக்கு முன் நெஞ்சில் வந்து மோதிய கனம் காணாமல் போய், கார்டின் மேல் பாதி மட்டும் ஒலிப்பது போல் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உள்ளே ஒலியைப் பெருக்கும் சில்லான ஐ.சி.யை மாற்றி ஜே.ஆர்.சி. 4558 டி வகையைப் போட வேண்டும் என்கிறார் ஒருவர்; இதன் முந்தைய மாடலான டி.எஸ்.808 ஆக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். டயோடுக்குப் பதில் எல்.இ.டி. வைக்கச் சொல்கிறார் மற்றொருவர். எனக்கு ஈயம் வைக்க ஓரளவு தெரியும்; கிதார் ஒயர்களை நானே பழுது பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒரு பெடலின் போர்டில் இதுவரை கை வைத்ததில்லை. எதில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது, எந்த ஒலி வேண்டும், எது குறைகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லியிருப்பதுதான். பலர் பாகங்களை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குப் பிறகே குறையைத் தேடுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் அடிநாத இழப்பு அந்தப் பெடலின் வடிவமைப்பிலேயே வேண்டுமென்று வைக்கப்பட்டது. உள்ளே ஓவர்டிரைவ் உண்டாகும் பகுதியில், ஐ.சி.யின் எதிர்மறை உள்ளீட்டுக் காலிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். டிரைவ் குமிழை முழுவதும் திருகினால் 51 கிலோ ஓமும் 500 கிலோ ஓமும் சேர்ந்து, கணக்குப்படி 118 மடங்கு வரை பெருக்கம் கிடைக்க வேண்டும். ஆனால் உங்கள் ஆறாம் தந்தியின் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில், அலையின் உச்சியை வெட்டும் டயோடுகள் குறுக்கிடாத சிறிய சிக்னலுக்குக்கூட, பெருக்கம் 13 மடங்கைச் சுற்றித்தான் நிற்கிறது. அடுத்து வரும் டோன் பகுதியில் 1 கிலோ ஓமும் 0.22 மைக்ரோஃபாரட்டும் கூடி, சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைத் தணிக்கின்றன. இரு பக்கமும் சரிந்து நடுவில் மேடாக நிற்பதைத்தான் நாம் டியூப் ஸ்க்ரீமரின் நடுநாதம் என்று கொண்டாடுகிறோம். மேட்டைக் கரைக்காமல் கீழ்ச்சரிவை மட்டும் சற்று மென்மையாக்க வேண்டும் என்பதே உங்கள் தேவை.

ஆகவே நீங்கள் தொட வேண்டியது அந்த 0.047 கெபாசிட்டரை மட்டுமே. அதன் மேல் 473 என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையமிட்ட 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஐ.சி.யின் 2, 6 ஆகிய இரு எதிர்மறை உள்ளீட்டுக் கால்களில் எதிலிருந்து இந்தப் பாதை தொடங்குகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. சோதித்துப் பார்ப்பதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு கெபாசிட்டர்களை இணையாக வைத்தால் மதிப்புகள் கூடும். ஆகவே இன்னொரு 473 கெபாசிட்டரின் கால்களில் முதலைக் கிளிப் கொண்ட இரண்டு சிறிய ஒயர்களை மாட்டி, போர்டில் இருக்கும் கெபாசிட்டரின் இரு முனைகளையும் தொட்டுக்கொள்ளுமாறு பிடித்தால், மதிப்பு 0.094 ஆகிவிடும், எல்லை 360 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதே இடத்தில் 104 எனப்படும் 0.1 கெபாசிட்டரைத் தொட்டால் 230 ஹெர்ட்ஸ். 224 எனப்படும் 0.22 கெபாசிட்டரைத் தொட்டால் 130 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் கீழே. நீங்கள் கார்டை வாசிக்க, நண்பர் ஒருவர் கிளிப்பை வைத்து எடுத்து வைத்து எடுத்துக் காட்டினால், வேறுபாடு உடனே காதில் விழும். இந்தக் கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றும் சில ரூபாய்தான். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, உங்கள் ஊரில் டி.வி. பழுது பார்ப்பவரிடம் கேட்டாலே கிடைக்கும். மைலார் அல்லது பாலியெஸ்டர் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மற்ற மாற்றங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.9 பெடலை டி.எஸ்.808 ஆக்குவது என்பது, ஐ.சி.யை விட்டுவிட்டுப் பார்த்தால், வெளியீட்டில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றுவதுதான்: 470 ஓமுக்குப் பதில் 100 ஓம், 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம். உள்ளீட்டு மின்தடை அதிகமுள்ள ஆம்பில் நேராகச் செருகும்போது இதனால் அடிநாதம் கூடுவதில்லை. உள்ளீட்டுக் கெபாசிட்டரைப் பெரிதாக்கச் சொல்பவர்களும் உண்டு. அதன் எல்லை ஏற்கெனவே 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், அதைப் பெரிதாக்கிக் கிதாருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

ஐ.சி. விஷயத்தில் என் கருத்து உறுதியானது. 4558 வகை ஐ.சி.யின் பெருக்க-அலைவரிசைப் பெருக்கற்பலன் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ். அதை 118 மடங்கால் வகுத்தால், அந்தப் பெருக்கத்தில் அது எட்டும் உச்ச அதிர்வெண்ணாக 25 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. கிதார் ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். எட்டுக் கால்களையும் கழற்றி ஐ.சி. சாக்கெட் வைத்து, பழைய ஐ.சி.க்குப் பெரும் விலை கொடுத்துப் பெறும் பலனைவிட, அந்தச் சில ரூபாய்க் கெபாசிட்டரின் பலன் பல மடங்கு பெரியது. டயோடை எல்.இ.டி.யாக மாற்றுவது தெளிவாகக் கேட்கும் மாற்றம்தான்: சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டைச் சுற்றிக் கடத்தத் தொடங்கும், சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட்டைச் சுற்றி. அதனால் ஒலி உரத்து, அழுத்தம் குறைந்து, திறந்ததாக மாறும். ஆனால் நீங்கள் விரும்பும் அந்த மென்மையும் உடன் போய்விடும்.

கழற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், ஒரு வார்த்தை. முதன்முதலில் ஒரு பெடலைத் திறந்தபோது, வெப்பக் கட்டுப்பாடில்லாத 60 வாட் சால்டரிங் இரும்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, ஈயம் உருகிய பிறகும் கெபாசிட்டரின் காலை இழுத்துக்கொண்டிருந்தேன். கால் வந்தது, அதோடு போர்டிலிருந்த செம்பு வளையமும் வெங்காயத் தோல்போல உரிந்து வந்துவிட்டது. மெல்லிய ஒயர் ஒன்றை அடுத்த பாகத்தின் கால் வரை இழுத்துத்தான் அந்தப் பெடலை உயிர்ப்பித்தேன். இரும்பின் நுனி 350 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஈயத்தின்மேல் சிறிது புதிய ஈயம் சேர்த்து உருக்குங்கள். அது மங்கலிலிருந்து கண்ணாடிபோல் மின்னும் கணத்தில் ஈய உறிஞ்சியை அழுத்துங்கள். மூன்று வினாடிக்குள் வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

நடுநாதம் எழுதியது:

ஈயப்பற்று அவர்கள் சொன்ன கணக்குகள் எல்லாம் சரி. ஆனால் கெபாசிட்டரை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: அடிநாதம் உங்களுக்கு வேண்டியது சிதைவுக்கு, அதாவது டயோடுகள் அலையை வெட்டுவதற்கு, முன்பா, பின்பா?

இரண்டும் ஒன்றல்ல. டயோடுகளுக்குள் அடிநாதம் அதிகமாக நுழைந்தால், அது மற்ற எல்லாத் தந்திகளின் அலைகளையும் தன்னோடு சேர்த்து வெட்டுகிறது. ஒற்றைத் தந்தியில் தடிப்பாகக் கேட்பது, மூன்று தந்தி சேர்ந்த கார்டில் சேறுபோல் கலங்கிவிடுகிறது. சிதைவு முடிந்த பிறகு அடிநாதத்தை உயர்த்தினால், கார்டின் தெளிவு கெடாமல் கனம் மட்டும் கூடும். டியூப் ஸ்க்ரீமரை வடிவமைத்தவர்கள் முன்னதை வெட்டியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அமெரிக்க ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டி.எஸ்.808, டி.எஸ்.9, டி.எஸ்.10 என்று இந்தக் குடும்பத்துப் பெடல்களை வாசித்தவர். அவருடைய ஒலியில் யாரும் கனக்குறைவு கண்டதில்லை. தடித்த தந்திகளும், அடிநாதம் நிறைந்த பெரிய ஃபெண்டர் வால்வு ஆம்புகளும் அவருக்குப் பின்னே இருந்தன என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே என் ஆலோசனை இது. முதலில் டிரைவைக் கால் பங்குக்குக் குறைத்து, லெவல் எனும் வெளியீட்டு அளவை முக்கால் பங்குக்கு மேல் உயர்த்தி, சிதைவின் ஒரு பகுதியை ஆம்பின் வால்வுகளிடம் விடுங்கள். அப்போது டயோடுகளின் அழுத்தம் குறைவதால், பெடலைக் கடந்து ஏறத்தாழ அப்படியே வரும் அடிநாதத்துக்கும் உயர்த்தப்பட்ட நடுநாதத்துக்கும் இடையிலான இடைவெளி சுருங்கும். பிறகு ஆம்பின் பேஸ் குமிழை உயர்த்திப் பாருங்கள். இதற்குப் பிறகும் குறை இருந்தால் கெபாசிட்டருக்கு வாருங்கள். வந்தாலும் இருக்கும் மதிப்பைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாதீர்கள்.

ஒப்பிடும்போது இரண்டு நிலைகளின் ஒலியளவையும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிதளவு உரத்துக் கேட்பதை நம் காது எப்போதும் நல்ல நாதம் என்றே எடுத்துக்கொள்கிறது. பெடல் மாற்றங்களைப் பற்றிய புகழுரைகளில் பாதி இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை என்பது என் அனுபவம்.

ஆறாம்தந்தி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரமாக இருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன், கண்டதை எழுதுகிறேன்.

நடுநாதம் அவர்கள் சொன்னபடி டிரைவைக் குறைத்து லெவலை உயர்த்தியதும், குறையில் பாதி அப்போதே தீர்ந்துவிட்டது. பேஸ் குமிழை ஏழுக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல் போனால் ஆம்பின் பெட்டி அதிர்கிறது. பிறகு தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கிளிப் முறையில் மூன்று கெபாசிட்டர்களையும் சோதித்தேன். 224 வைத்தபோது ஆறாம் தந்தி மட்டும் ஒலிக்கும் வரை பிரமாதமாக இருந்தது. முழுக் கார்டை அடித்ததும், எந்தச் சுரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. 104 வைத்தால் இரண்டு தந்திக் கார்டுகள் நன்றாக இருந்தன, மூன்றாவது தந்தி சேர்ந்தால் கலங்கியது. இன்னொரு 473 வைத்தபோதுதான் இ மேஜர் முழுதாக, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கும்படி நின்றது. ஆகவே பழையதைக் கழற்றாமல், போர்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு 473 கெபாசிட்டரை இணையாக வைத்து ஈயம் வைத்துவிட்டேன். செம்பு வளையங்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.

இப்போது வேறொரு ஆசை வந்திருக்கிறது. ஆம்பை ஆராதனைக்கு வேண்டிய ஒலியளவில் வைத்தால், பெடல் இல்லாமலேயே சுத்த ஒலி சீக்கிரம் உடையத் தொடங்குகிறது. இன்னும் சற்று நேரம் சுத்தமாக நின்றால் பெடலின் ஒலி தெளிவாக வரும் என்று நினைக்கிறேன். ஆம்பையும் இதேபோல் திறந்து கெபாசிட்டர்களை மாற்றிப் பார்க்கலாமா?

வால்வுவெளிச்சம் எழுதியது:

தம்பி, தயவுசெய்து பெடலில் பெற்ற தைரியத்தோடு ஆம்பைத் திறந்துவிடாதீர்கள். பெடலில் இருப்பது 9 வோல்ட். உங்கள் ஆம்பில் வால்வுகளுக்குப் போவது 300 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகும் வடிகட்டும் பெரிய கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். நான் திறக்கும்போதெல்லாம் 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு உறையிட்ட ஒயர்களில் பொருத்தி, அந்தக் கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றையும் தரையோடு இணைத்து இறக்குவேன். 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இதில் இறங்கச் சுமார் 24 வினாடி ஆகும். நான் ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகும் மல்டிமீட்டரில் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வைப்பேன். இதைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் முதல்முறை செய்யவே கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் கேட்பதற்கு ஆம்பின் போர்டைத் தொட வேண்டியதே இல்லை. முதல் வால்வு பெரும்பாலும் 12ஏ.எக்ஸ்.7 ஆகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பழைய ரேடியோக்காரர்கள் இ.சி.சி.83 என்பார்கள். அதன் பெருக்க எண் 100. அதே இடத்தில் 5751 வால்வைச் செருகினால் 70, 12ஏ.டி.7 செருகினால் 60. கால்களின் அமைப்பு ஒன்றே. ஆம்பை அணைத்து, பிளக்கை உருவி, வால்வு ஆறிய பிறகு நேராக இழுத்து எடுத்து, ஒன்பது கால்களும் வளையாமல் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. நான் 5751 வால்வைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். சுத்த ஒலி நீண்ட நேரம் நிற்கும், 12ஏ.எக்ஸ்.7 தரும் இனிமையும் பெரிதாகக் குறையாது.

அதற்கு அடுத்தபடியாக ஸ்பீக்கர்: அதே வாட்டில் உரத்து ஒலிப்பது கிடைத்தால் ஆம்பைக் குறைத்து வைக்கலாம், சுத்த ஒலி உடையாது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் 98 டெசிபல், விண்டேஜ் 30 வகை 100 டெசிபல் என்று அந்த நிறுவனமே தருகிறது. ஆம்பின் வாட் அளவை இரு மடங்காக்கினால் கிடைப்பதே 3 டெசிபல்தான் என்பதை நினைத்தால், ஸ்பீக்கரில் கிடைக்கும் 2 டெசிபல் எவ்வளவு பெரியது என்று புரியும். ஓம் மதிப்பு மட்டும் ஆம்புக்குப் பொருந்த வேண்டும். இந்த இரண்டு மாற்றங்களும் சாதாரணமானவை என்று எண்ண வேண்டாம். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து மார்ஷலின் முதல் ஆம்பான ஜே.டி.எம்.45 உருவானபோது, மின்சுற்று பெரும்பாலும் அதேதான். முதல் வால்வு 12ஏ.ஒய்.7 இருந்த இடத்தில் பெருக்கம் கூடிய இ.சி.சி.83 வந்தது, திறந்த பெட்டியில் இருந்த பத்து அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்களுக்குப் பதில், மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன்கள் வந்தன. அங்கே எளிதாகக் கிடைத்த பாகங்களால் பிறந்த அந்த மாற்றம் ராக் இசையின் ஒலியையே திருப்பிவிட்டது. நீங்கள் அதே இரண்டு இடங்களைத்தான் தொடப்போகிறீர்கள்; வால்வில் மட்டும் எதிர்த்திசையில்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்றைச் சோதியுங்கள். உங்கள் தேவாலயத்தில் ஆம்பைச் செருகும் பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா? கிதார் தந்திகள் ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு இருந்தால், தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். ஆளையே கொல்லக்கூடியது அது. மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆறாம்தந்தி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாளே எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்துச் சென்று, மேடையில் இருந்த பிளக் பாயின்ட்டைத் திறந்து பார்த்தோம். பச்சை ஒயர் எந்தத் திருகிலும் மாட்டப்படாமல், பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அதை இணைத்து, எர்த் குழியையும் சோதித்துச் சரிசெய்துவிட்டோம். தந்தியிலிருந்து கையை எடுத்ததும் இத்தனை நாளும் கேட்ட ஹம் ஒலி பெருமளவு அடங்கிவிட்டது. அது பெடலிலிருந்து வருவதாகவே நினைத்திருந்தேன். 5751 வால்வுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் பெடலோடு சேர்த்து வாசித்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.